மொட்டைக்குப் பிறகு ஒரு காட்சி பாக்கி

“ஹலோ... ஹலோ... ஆங், நான்தாங்க, பஞ்சாட்சரம். ... திருத்தணியில இருந்து பேசறேங்க. ... திருத்தணி. மலை, முருகன்... ஆங், ஆங், அதே திருத்தணிதான். ... சார், ஒரு தப்பு நடந்துபோச்சிங்க. மொட்டை போட்டுக்கினேன். ... மொட்டைங்க. தலையில. ... இல்லீங்க, கொஞ்சம்கூட மிச்சம் வைக்கல. மீசையும் சேத்துத்தான்.”

சொல்லிவிட்டுப் பஞ்சாட்சரம் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். கன்னத்தில் அறை விழப்போகிற இடம் வந்தால் அவர் அப்படித்தான் மூடிக்கொள்வார். பதினெட்டு வருஷமாக நாடக மேடையில் அறை வாங்கிப் பிழைத்தவர். ராஜா அறைவார், மந்திரி அறைவார், ஒரு நாடகத்தில் ராணியின் தோழிகூட அறைந்தாள். அவர் கண்ணை மூடுவதற்கும் ஜனங்கள் சிரிப்பதற்கும் சரியாக இருக்கும். இன்றைக்குத் தபாலாபீசில் யாரும் சிரிக்கவில்லை. கார்டு வாங்க வந்த நாலு பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டெலிபோனில் பேசுகிற மொட்டையைத்தான் பார்த்தார்கள்.

“... ஆங். ... ஆங். ... கத்துங்க சார், கத்துங்க. கத்தவேண்டிய விஷயந்தான். ... நான் வேணும்னு செய்வனா? நீங்க பூசணிக்கா உடைச்சீங்க, அதைப் பாத்துத்தானே... ... ஆங், நீங்க உடைச்சீங்க, நான் போட்டுக்கினேன். தப்பு என்னுதுதான்.”

மறுமுனையில் கத்திக்கொண்டிருந்தவர் பக்தவச்சலம். சென்னையில் ‘இலை போட்டாச்சு’ என்ற படத்தின் புரொடக்‌ஷன் மானேஜர். பஞ்சாட்சரத்துக்கு ஆயுசில் முதல் தடவையாகக் கதாநாயகன் வேஷம் கொடுத்த படம் அது. கதாநாயகன் என்றால் பாட்டு, காதல், கத்திச்சண்டை எல்லாம் இல்லை. கொலைகாரன்.

குண்டு விழும் என்று பயந்து பாதி ஜனம் காலி செய்துவிட்டுப் போன பட்டணத்தில், ஒரு சந்தில், ஒற்றை அறையில் தங்கியிருக்கிற குமாஸ்தா. தனியாக உட்கார்ந்தால் அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. ஆகையால் தெருவில் போகிறவரை விருந்துக்குக் கூப்பிடுவான். வந்தவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தால், போய்விடுவாரே என்கிற பயத்தில் பின்மண்டையில் அம்மிக் குழவியால் ஒரு போடு. பிறகு பிணத்தைத் தூக்கி இலைக்கு முன்னால் மறுபடி உட்கார்த்தி, இன்னொரு கரண்டி ரசம் விட்டு, கூச்சப்படாமல் சாப்பிடச் சொல்லி மன்றாடுவான். முன்பாதி சிரிப்பு, பின்பாதி நடுக்கம் என்று டைரக்டர் வரதராஜன் கணக்குப் போட்டிருந்தார். முன்பாதிக்காகத்தான் பஞ்சாட்சரத்தைத் தேடிப் பிடித்தார் என்பது பஞ்சாட்சரத்துக்கே தெரியும்.

ஆனால் பஞ்சாட்சரம் அந்த வேஷத்தை ஒப்புக்கொண்டது கடைசிக் காட்சிக்காக. தூக்குக்கு முந்தின சாயங்காலம். ஜெயில் அறை. வார்டர் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைக்கிறான். தன்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடும்படி குமாஸ்தா அவனைக் கேட்கிறான். சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. அதில் யாரும் யாரையும் அறைவதில்லை, யாரும் வழுக்கி விழுவதில்லை, யாரும் சிரிக்கவேண்டியதில்லை. நாலு மாசமாகத் தன் அறையில் ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதை அவர் சொல்லிப் பார்த்திருந்தார். அவர் மனைவி வரலட்சுமியும் குண்டுக்குப் பயந்து திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான், இன்னும் பட்டணம் திரும்பவில்லை. ஆகவே தனியாகச் சாப்பிடுவதற்கு அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. குழவி ஒன்றுதான் வீட்டில் இல்லாத சாமான்.

போன வெள்ளிக்கிழமை, அந்தக் காட்சியை எடுக்காமலே, பக்தவச்சலம் ஸ்டூடியோ வாசலில் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காயை உடைத்தார். பூசணி உடைந்தால் படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம். லைட் தூக்குகிறவனிலிருந்து முதலாளிவரை அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. யுத்த காலம், சர்க்கார் பிலிமை அளந்துதான் கொடுக்கிறது. பிலிம் தீர்ந்துபோய்க் கடைசிக் காட்சியை விட்டுவிட்டார்கள் என்று பஞ்சாட்சரம் தானே முடிவு செய்துகொண்டார். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கேட்கவில்லை. பக்தவச்சலம் அவருக்கு மாலை போட்டார். அதோடு விடாமல் சென்ட்ரல் ஸ்டேஷன்வரை வந்து ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்த்தி, வண்டி நகரும்வரை நின்று கையசைத்தார். சிரிப்பு நடிகனுக்கு இப்படியெல்லாம் மரியாதை நடக்கிறதே என்று பஞ்சாட்சரம் அரக்கோணம்வரைக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஊரில் வரலட்சுமியின் வேண்டுதல் காத்திருந்தது. புருஷன் கதாநாயகன் ஆனால் அவர் தலைமுடி முருகனுக்கு என்று மூணு வருஷத்துக்கு முன்னாலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருந்தாள். இன்று காலை மலைமேல் அது நிறைவேறியது. படியிறங்கி வந்து காப்பி கிளப்பில் இட்லிக்கு உட்கார்ந்தார்கள். எதிரே இருந்தவர் மடித்துப் போட்ட பத்திரிகையில், ‘இலை போட்டாச்சு’ படத்தின் இறுதிக் காட்சி நாளை படமாகிறது என்று இரண்டு வரி. பஞ்சாட்சரத்துக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பிறகுதான் கை தலைக்குப் போனது.

“... ஆங். ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். ... உங்க உத்தரவு வர்ற வரைக்கும் முருகன் காத்துகினு இருந்திருப்பார்தான். ... இல்லீங்க, கிண்டல் இல்ல. வாய் அப்படிங்க, பதினெட்டு வருஷத்துப் பழக்கம். ... சார், டோப்பா வெச்சிக்கலாம். ஒரு காட்சிதானே. ... யாருது? எமன் டோப்பாவா? ... அது முதுகுவரைக்கும் தொங்குமே சார். ... ஆங், குமாஸ்தாவுக்கு ஒத்துவராது. ... வேற இல்லியா? ... ஆங், அது பொம்பளைங்களுது. ... சரி. டோப்பா வேணாம்.”

டெலிபோன் சுவரில் பதித்த மரப்பெட்டி. வாயைச் சுவருக்குக் கொடுத்து, காதுக்குழலைக் கையில் பிடித்துக்கொண்டு பேசவேண்டும். தலையிலிருந்து காதுவரை சந்தனம் அப்பியிருந்ததால் குழல் வழுக்கி வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. சர்க்கார் குழல் மஞ்சளாகிக்கொண்டே வருவதைப் போஸ்ட்மாஸ்டர் ஜெகநாதன் முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முருகன் சந்தனம் என்பதால் ஒன்றும் சொல்லமுடியவில்லை அவருக்கு.

வரலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காப்பி கிளப்பிலிருந்து இங்கே வருகிறவரைக்கும் அழுதாள். முடியைத்தானே தருகிறேன் என்று சொன்னேன், உங்கள் வேஷத்தையுமா தருவதாகச் சொன்னேன் என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள். அவருக்கு அவள் மாமன் மகள். சின்ன வயசிலிருந்து அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பாவாவின் வாழ்வைத் தானே ஒரு கிண்ணம் தண்ணீரில் நனைத்துச் சிரைத்துப் போட்டுவிட்டதாக அவளுக்கு எண்ணம். வழியெல்லாம் அவர் மூன்று ஹாஸ்யம் சொன்னார். மூன்றும் எடுபடவில்லை.

“சார், ஒண்ணு சொல்லட்டுமா? காட்சி ஜெயில்லதானே நடக்குது? தூக்குக் கைதி. ஜெயில்ல முடி வெட்டமாட்டாங்களா? அவன் மொட்டையா இருந்தா எவன் கேக்கப்போறான்? ... கோர்ட்டுல முடி இருந்துச்சி. ஆங், இருந்துச்சி. கோர்ட்டுக்கும் தூக்குக்கும் நடுவுல எத்தினி நாளு? ... ஒரு மாசமா? ஒரு மாசத்துல ஜெயிலுக்குள்ள ஒரு கத்தி கெடைக்காதா சார்? ... பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க நல்லா இருக்குதுன்னு. மொட்டையில இன்னும் பாவமா இருக்கும். இங்க கண்ணாடியில பாத்தேன், எனக்கே ஐயோன்னு இருந்துச்சி. ... நல்லா இருக்குது, ஆனா? ... ஆங். ... ஆங். ... பாக்கலாம்னா இன்னா சார் அர்த்தம்? எடுக்கலாம்னு பாக்கலாமா, வேணாம்னு பாக்கலாமா?”

பக்தவச்சலத்தின் ‘பாக்கலாம்’ கோடம்பாக்கத்தில் பேர்போனது. அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர், திரும்பி வந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. பஞ்சாட்சரத்துக்கு வேறு ஒன்றும் உறுத்தியது. மொட்டை என்று கேட்டதும் பக்தவச்சலம் கத்தினார், வாஸ்தவம். ஆனால் அரை நிமிஷத்தில் தணிந்துவிட்டார். கத்தி முடித்த பிறகு அவர் விட்ட மூச்சு, தலைச்சுமையை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. டிரங்க் லைனில் எல்லா மூச்சும் அப்படித்தான் கேட்கும்போலிருக்கிறது என்று பஞ்சாட்சரம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“... ராத்திரிக்குள்ள வந்துடறேன் சார். சாயங்கால வண்டி இருக்குது. ... உக்கார எடம் இல்லாட்டி நின்னுகினு வர்றேன். ... டைரக்டர் ஐயாகிட்ட நான் ரெண்டு வார்த்தை... ... வேலையா இருக்கார். சரி. ... எப்ப ஓய்வா இருப்பார்? ... ஆங், பாக்கலாம். ... ஹலோ? ... யாரு? ... எக்ஸ்சேஞ்சாம்மா? இல்லம்மா, முடியல. இன்னும் மூணு நிமிஷம் விடும்மா. ... அர்ஜெண்டுதாம்மா. ஒரு ஆளைத் தூக்குல போடப்போறாங்க, அதான் பேசிகினு இருக்கேன். ... நல்லா இரும்மா.”

கார்டு வாங்க வந்தவர்களில் ஒருவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஜெகநாதன் அவரிடம், சினிமா, சினிமா என்று தணிந்த குரலில் சொன்னார். அதைக் கேட்டதும் அவர் நாலடி முன்னால் வந்தார்.

“ஹலோ... ஆங், இருக்கேங்க. ... சார், ஒரு நிமிஷம். அங்க பின்னாடி யாரு பேசறது? ... இல்லீங்க, ரேடியோ இல்ல. ‘இது ரெண்டு பேருக்குக் காணும் ஐயா’ன்னு ஒரு குரல் கேக்குது. ... இதோ, மறுபடியும். சார், அது என் வசனம், வார்டர்கிட்ட சோறு போதும்னு சொல்றது. ... ஆங். ஆளை நிக்கவெச்சி லைட்டு பாக்கறீங்க. சரி. லைட்டு பாக்கறதுக்கு வசனம் எதுக்கு சார்? லைட்டுக்குக் காது கேக்குமா? ... யாரு ஆளு? ... யாரு? ... ராஜமாணிக்கமா? நம்ம நாலாவது பொணமா?”

ராஜமாணிக்கம் படத்தில் நாலாவதாகச் செத்து, எட்டு நாள் இலைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த பையன்; புராண நாடகங்களில் வளர்ந்தவன். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையை எடுக்கமாட்டான். லைட்டுச் சூட்டில் மயங்கி நிஜமாகவே போய்விடப்போகிறான் என்று பயந்து, காமிரா நிற்கிற நேரங்களில் பஞ்சாட்சரம் அவன் வாயில் மோர் ஊற்றியிருக்கிறார். பிணம் கண்ணைத் திறக்காமலே நன்றி சொல்லும். குரல் கணீரென்று இருக்கும். தலைமுடி சுருட்டையாக, பின்பக்கம் பார்த்தால் பஞ்சாட்சரத்தின் தலைமுடி மாதிரியே இருக்கும். மாதிரி என்ன, இன்று காலைமுதல் அவனுடையது மட்டும்தான் அந்த மாதிரி.

“சார், எனக்கு ஒண்ணு புரியல. நான் மொட்டை போட்டது உங்களுக்கு இப்பத்தானே தெரியும்? நான் சொல்லி அஞ்சு நிமிஷம் ஆவுது. அதுக்குள்ள அவன் எப்பிடி காயிதம் பாக்காம... ... ஆங். ... ஆங், எதுக்கும் ஒரு ஆளு தயாரா இருக்கட்டும்னு. ... ஆங், எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டா. ... ஆங், புத்திசாலித்தனந்தான். ... சரிங்க.”

அவர் நம்பினார். நம்பாமல் இருப்பதற்குத் தெம்பு வேண்டும். காலையில்தான் முன்னூற்று அறுபத்தைந்து படி ஏறி இறங்கியிருந்தார். சுவரில் யாரோ பென்சிலால் எழுதிவைத்திருந்த ஒரு விலாசத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். குழலில் ராஜமாணிக்கத்தின் குரல் இன்னும் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் ஒரே இடத்தில் உடைந்தது. ஒரு தடவை உடைந்தால் பரவாயில்லை. மூன்றாவது தடவை பஞ்சாட்சரத்தால் தாங்க முடியவில்லை.

“சார், அவனைக் கூப்பிடுங்க. ... திட்டமாட்டேன். ... சண்டைக்கு இல்லீங்க, சத்தியமா. முருகன் மலையடியில நின்னுகினு சொல்றேன். அவன் தப்பாப் பேசறான். ‘காணும்’ன்ற எடத்துல அழறான். அங்க அழக்கூடாது. ... என் காட்சி போனா போவுது சார், கெட்டுப்போவ விடமாட்டேன். கூப்பிடுங்க.”

வரலட்சுமி வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து, அவருக்குப் பின்னால் கதவோரம் நின்றாள். என்ன என்று கையால் கேட்டாள். எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று அவரும் கையால் காட்டினார். அந்தக் கை ஜாடையை அவர் மேடையில் அரண்மனை எரியும்போது உபயோகிப்பது வழக்கம்.

“ராஜமாணிக்கம்... ஆங், அண்ணன்தாண்டா. ... விடு. ... விடு, விடு, நீ இன்னா பண்ணுவே. ... ஆங், மொட்டைதான். ... நல்லாத்தான் இருக்குது, காத்தோட்டமா. ... டேய், இங்கயும் அழறியே, அதைத்தானே சொல்ல வந்தேன். அழாத. கேளு. அவனுக்கு விடிஞ்சா தூக்குன்றது ஞாபகமே இல்ல. சோறு ஆறிப்போவுதேன்னுதான் கவலை. ... ஆங். நீ உன்னை நெனச்சிகினு பேசறே. அவன் தன்னை நெனக்கறதே இல்லடா, வார்டருக்குப் பசிக்குமேன்னு நெனக்கறான். ... ஆங், புரியுதா? வார்டர் மூஞ்சியைப் பாக்காத. தட்டைப் பாரு. தட்டை அவன் பக்கமா இவ்வளவு தள்ளு. ... எவ்வளவுன்னா... இரு, செய்யறேன், நீ கேளு.”

ஜெகநாதனின் மேசைமேல் கார்டுகள் போட்டுவைக்கிற ஒரு தகரத் தட்டு இருந்தது. பஞ்சாட்சரம் கையை நீட்டி அதை எடுத்து, டெலிபோன் பெட்டிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். சுவரைப் பார்த்து நின்றபடி, குழலைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். தபாலாபீசுக்கு அவருடைய முதுகும் சந்தன மொட்டையும் மட்டும்தான் தெரிந்தன.

“ஐயா... உக்காருங்க. ஒரு வாய்தான். ... யாரும் பாக்கமாட்டாங்க. ... சட்டமா? ... சரி, சரி. சட்டம்னா சரி. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல...”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சாட்சரத்தின் முதுகு ஒரு கணம் விறைத்தது. திரும்பவில்லை. தட்டைச் சுவர்ப் பக்கமாக அரை விரற்கடை தள்ளினார். அதில் ஒரு கார்டு நழுவி விழப்போனதைச் சோறு சிந்தாமல் ஒதுக்குகிற மாதிரி விரலால் ஒதுக்கி உள்ளே வைத்தார்.

“... இல்ல, இது ரெண்டு பேருக்குக் காணும், ஐயா. அதான் சொன்னேன்.”

கணக்கு சொல்கிற மாதிரி சொன்னார். ஜெகநாதனின் முத்திரைக் கட்டை கார்டுக்கு மேலே நின்றது நின்றபடி இருந்தது. வெளியே ஆர்.கே.பேட்டைப் பக்கம் போகிற மாட்டுவண்டி ஒன்று சலங்கைச் சத்தத்தோடு கடந்து போயிற்று.

“... ராஜமாணிக்கம்? ... இருக்கியா? ... இன்னா, புரிஞ்சுதா? ... ஏண்டா பேசமாட்டேன்ற? லைன் போச்சா? ... ஆங், இருக்கே. சொல்லு. ... சொல்லேண்டா. ... எதை? ... யாருகிட்ட சொல்லமுடியல? எங்கிட்டயா? ... அண்ணியா? இங்கதான் நிக்கறா. எதுக்கு? ... எங்கிட்டயே சொல்லு. ... ஆங். ... ஆங், அவசரமா சொல்லணும், ஆனா அண்ணிகிட்டதான். ... சரி. ... இன்னா வெவகாரம்டா இது. ... இரு, தர்றேன்.”

வரலட்சுமி அதுவரைக்கும் டெலிபோனைத் தொட்டதில்லை. குழலைத் தலைகீழாகப் பிடித்தாள். அவர் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டுக் காதில் வைத்தாள். வாயைச் சுவர்ப் பெட்டியிடம் கொடுக்கவேண்டும் என்று அவர் ஜாடை காட்டினார். கோயிலில் நந்தியின் காதில் சொல்கிறவள் மாதிரி எக்கி நின்றாள்.

“ஆங்... நான்தான் தம்பி. ... ஆங். ... அழாம சொல்லு. ... ஆங். ... எப்ப? ... ஆங். ... நெசமாவா? ... எத்தினி நாளா? ... ஆங். ... யாரு சிரிச்சது? ... ஆங். ... ஆங். ... சரி தம்பி. ... இல்ல, நீ சொன்னதே நல்லது. ... ஹலோ? ... தம்பி?”

குழலை எடுத்து ஒருதரம் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். கட் ஆகிவிட்டது என்று ஜெகநாதன் சொன்னார். எக்ஸ்சேஞ்சுக்கு மனசு மாறிவிட்டதுபோல.

பஞ்சாட்சரம் குழலை அவளிடமிருந்து வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பக்தவச்சலத்திடம் ஒரு மணி நேரம் கேட்டாலும் வராத விஷயம் இவளிடம் இருக்கிறது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அவளே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மார்க்கெட்டில் என்ன காய் கிடைத்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“முடியால இல்லியாம் பாவா. பத்து நாளா அந்தப் புள்ளைக்குத்தான் ஒத்திகை நடக்குதாம். உங்களை ஊருக்கு அனுப்பறதுக்குத்தான் பூசணிக்கா உடைச்சாங்களாம். கோர்ட்டுல நீங்க அழறதைப் போட்டுப் பாத்தாங்களாம், முதலாளி உருண்டு உருண்டு சிரிச்சாராம். கடைசியில சனங்க சிரிச்சா படம் படுத்துடும்னு, உங்க மூஞ்சி வேணாம், குரலும் வேணாம்னு சொல்லிட்டாராம். அந்தப் புள்ளையை முதுகு காட்டி உக்காரவெச்சி எடுக்கறாங்களாம்.”

“அப்ப மொட்டைக்கும் இதுக்கும்...”

“ஒண்ணுமில்ல. முடி இருந்திருந்தாலும் உங்களுக்கு இல்ல.”

பஞ்சாட்சரம் தலையைத் தடவினார். காலையிலிருந்து அந்தத் தலையை எத்தனை திட்டு திட்டியிருப்பார். அதனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்போல இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் பக்தவச்சலம் கையசைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. ஒரு ஆளை வண்டியேற்றி அனுப்ப அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்; அதைவிடக் குழவியை எடுத்திருக்கலாம், வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

வருத்தப்படவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் எதிரே வரலட்சுமி நின்றிருந்தாள். காலையில் படியிறங்கியதிலிருந்து இப்போதுதான் அவள் முகம் தெளிந்திருந்தது. அவளுடைய வேண்டுதல் யாரையும் கெடுக்கவில்லை, முருகன் வெறும் முடியைத்தான் வாங்கிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வருத்தப்படுவது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஒரு ஹாஸ்யம் சொல்லலாமா என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

கார்டுத் தட்டை எடுத்து ஜெகநாதனின் மேசையில் பழைய இடத்திலேயே வைத்தார். குழலைக் கொக்கியில் மாட்டப் போனவர், மாட்டாமல் நின்றார். முதலாளி எங்கேயோ கோடம்பாக்கத்தில் இருட்டறையில் உட்கார்ந்து சிரித்தது இருக்கட்டும். இங்கே, முதுகுக்குப் பின்னால், ஐந்தடி தூரத்தில் கேட்ட அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியாமல் அவரால் வெளியே போகமுடியாது.

“இப்ப சொல்லிக்குடுத்தேனே, செவுத்தைப் பாத்துக்கினு. நடுவுல யாரோ சிரிச்சாங்க. நீயா?”

கார்டு வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வரலட்சுமி மட்டும் அவரைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற முகம் இல்லை அது. எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிற முகம்.

“ஆங், நான்தான்,” என்றாள். “மொதல்ல சிரிப்பு வந்துச்சி. அப்புறம் வர்ல.”